பேஸ்பால் பார்க்கப் போனால் டிப்ஸ் எங்கே, எவ்வளவு?

கேள்வி: ஜூலை 3, 2025

ஆகஸ்டில் அலுவலக வேலையாக சிகாகோ போகிறேன், ஒரு வார இறுதி சும்மா கிடைக்கும். பேஸ்பால் பார் என்கிறார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நிமிஷம்தான் ஆட்டம், மீதி எல்லாம் விளம்பரமும் தீனியும் என்று கேள்விப்பட்டேன். அதற்கு இவ்வளவு காசா? அப்புறம் இந்த டிப்ஸ். சாப்பிட்டதற்குப் பில் கட்டின பிறகு அவர்கள் ஆளுக்குச் சம்பளமும் நான் ஏன் கொடுக்க வேண்டும்? என்னைக் கேட்டால் இது பகல் கொள்ளை. கொடுக்காமல் எழுந்து வந்தால் என்ன செய்வார்கள்?

ஜூலை 5, 2025, காலை

ஒன்றும் செய்ய மாட்டார்கள். போலீஸ் வராது, வாசலில் யாரும் மறிக்க மாட்டார்கள். ஆனாலும் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அதை ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன். நான் இப்போது சிகாகோவில்தான் இருக்கிறேன். நேற்று பார்த்த ஆட்டம் இன்னும் தலையைவிட்டு இறங்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஜூலை 4, அவர்கள் சுதந்திர தினம். ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் பகல் ஆட்டம், இந்த ஊர் அணியான சிகாகோ கப்ஸுக்கும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும். தலைமுறை தலைமுறையாக வரும் போட்டி இது. கப்ஸ் எட்டு ஹோம் ரன் அடித்தார்கள். அந்த அணியின் இத்தனை வருஷ வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் எட்டு என்பது இதுதான் முதல் முறை. மைக்கேல் புஷ் ஒருவரே மூன்று, பீட் க்ரோ-ஆர்ம்ஸ்ட்ராங் இரண்டு. முடிவில் 11-3. ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரிதானே என்று நினைக்கலாம், ஆனால் ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்கு ஒன்றோ இரண்டோ வந்தாலே நல்ல நாள். எட்டு வந்தபோது கிழவர்கள் எல்லாம் எழுந்து நின்று ஒருவரை ஒருவர் பார்த்து "இப்படி நீ பார்த்ததுண்டா" என்கிற முகத்தோடு சிரித்தார்கள்.

நீங்கள் சொல்லும் பத்து நிமிஷக் கணக்கு பேஸ்பாலுடையது இல்லை, அமெரிக்கக் கால்பந்துடையது. 2010-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஆட்டங்களை எடுத்து நேரம் குறித்துப் பார்த்தது. அந்தக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் மூன்று மணி நேர ஆட்டத்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 11 நிமிஷம். பேஸ்பாலுக்கு எண்ணினாலும் பிரமாதமாக வந்துவிடாது, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களே அதை உணர்ந்து 2023-ல் பந்து வீசுபவருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பேஸில், அதாவது அடித்தவர் ஓடிப்போய் நிற்கும் மூலைகளில், ஆள் இல்லையென்றால் 15 நொடிக்குள் வீச வேண்டும், ஆள் இருந்தால் இப்போது 18 நொடி. 2022-ல் சராசரியாக 3 மணி 4 நிமிஷம் ஓடிய ஆட்டம் அடுத்த வருஷமே 2 மணி 40 நிமிஷத்துக்கு வந்துவிட்டது.

மீதி இருக்கும் அந்த இடைவெளிதான் எனக்குப் பிடித்தது. என் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா, மடியில் அட்டை, கையில் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் குறித்துக்கொண்டே வந்தார். ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கு எல்லாம் எண் உண்டு. வீசுபவர் 1, பிடிப்பவர் 2, முதல் பேஸ் 3, அப்படியே போகும். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் ஆனால் 6-4-3 என்று மூன்று எண்களில் முடித்துவிடுகிறார். மட்டையை வீசித் தவறவிட்டு அவுட் ஆனால் கே என்ற எழுத்து, மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். இதை எல்லாம் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த இடைவெளிகளில்தான். ஐந்தாவது இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) பென்சிலை என் கையில் கொடுத்து "இப்போ நீ போடு" என்றுவிட்டார். கிரிக்கெட்டில் ஓவருக்கு இடையே பேசுகிற பேச்சை ரசித்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது.

இன்னொன்று, கார்டினல்ஸ் ரசிகர்கள் சிவப்புச் சட்டையோடு கப்ஸ் ரசிகர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தனிப் பக்கம், தடுப்பு, போலீஸ் வரிசை எதுவும் இல்லை. ஐரோப்பாவில் கால்பந்து பார்க்கப் போனபோது எதிரணி ரசிகர்களைத் தனி வாசல் வழியாகக் கொண்டுவந்து தனியாக உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே அந்த அம்மாவுக்கு அடுத்த இருக்கையில் ஒரு கார்டினல்ஸ் குடும்பம், ஆட்டம் முழுக்க ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே கடலையைப் பகிர்ந்து தின்றார்கள்.

ஜூலை 5, இரவு

சரி, டிப்ஸ்.

மைதானத்திலிருந்தே தொடங்குகிறேன். படிக்கட்டில் பியரும் கடலையும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வரிசையின் நடுவில் இருந்தால் கடலைப் பொட்டலம் ஐந்தாறு பேர் கை மாறி உங்களிடம் வரும், முன்பெல்லாம் பணம் அதே கைகள் வழியாகத் திரும்பிப் போகும். இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, அதனால் கார்டு மெஷினே கைமாறி வருகிறது. நேற்று எனக்கும் அப்படித்தான் வந்தது. திரையில் 18, 20, 25 சதவீதம் என்று மூன்று கட்டம், ஓரத்தில் சின்னதாக "வேண்டாம்". முன்பின் தெரியாத ஆறு பேர் எட்டிப் பார்க்கும் தூரத்தில் நீங்கள் அதை அழுத்த வேண்டும்.

அந்த மனிதரின் தோளில் பட்டை, அதில் தொங்கும் பெட்டி நிறைய பனிக்கட்டியும் பியரும். ஜூலை வெயிலில் அதைச் சுமந்து அந்தப் படிகளை ஏறுகிறார். பல மைதானங்களில் இவர்களுக்கு விற்றதற்குக் கமிஷன்தான். மழை வந்து ஆட்டம் நின்றால் வருமானமும் நின்றுவிடும். நான் 20 சதவீதத்தைத் தொட்டேன், அதற்கு ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

உணவகத்துக்கு வருவோம். அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து அது மாறவில்லை. டிப்ஸ் வாங்கும் வேலையாக இருந்தால் முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியது 2.13 டாலர் மட்டும். அது 1991-லிருந்து மாறவில்லை. மீதி 5.12 டாலரை டிப்ஸாக வந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், அப்படி வரவில்லையென்றால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. 1966-ல் வந்த ஏற்பாடு இது. அதாவது நீங்கள் கொடுக்கும் டிப்ஸின் முதல் பகுதி சர்வருக்குக் கூடுதலாகப் போவதே இல்லை, முதலாளி கொடுத்திருக்க வேண்டிய கூலியை நீங்கள் நிரப்புகிறீர்கள். உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. கேட்க வேண்டிய ஆள்தான் வேறு.

கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு கிடையாது, எல்லோருக்கும் முழுக் கூலி. சிகாகோ அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. 2023-ல் நகரமன்றம் தீர்மானம் போட்டு வருஷா வருஷம் ஏற்றுகிறார்கள், 2028-ல் முழுக் கூலி ஆக வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். 2025 ஜூலை 1 முதல் நகரத்தின் குறைந்தபட்சக் கூலி 16.60, டிப்ஸ் வாங்குபவர்களுக்கு 12.62.

சாப்பாட்டுக்கு நீங்கள் கட்டப் போகும் கணக்கு: மெனுவில் 40 டாலர். அதன் மேல் வரி 11 சதவீத அளவில், 4.40. டிப்ஸ் 20 சதவீதம், 8. மொத்தம் 52.40. மெனுவைப் பார்க்கும்போதே மனதில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துவிடுங்கள், அப்புறம் எரிச்சல் வராது.

ஜூலை 6

கார்டில் கட்டும்போது டிப்ஸை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டவருக்கு. பல உணவகங்களில் இன்னமும் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். நம் ஊரில் ஓடிபி, பின் என்று பழகியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வழக்கம் இதுதான்: கார்டைத் தேய்த்து இரண்டு சீட்டோடு திரும்பக் கொண்டுவருவார்கள். ஒன்றில் டிப்ஸ் என்று ஒரு கோடு, மொத்தம் என்று ஒரு கோடு, கீழே கையெழுத்து. நீங்களே எழுதிக் கூட்டிப் போட்டு, மேஜையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பலாம். வங்கியிலிருந்து முதலில் டிப்ஸ் இல்லாத தொகைக்குச் செய்தி வரும், ஓரிரு நாளில் நீங்கள் எழுதிய மொத்தமாக மாறும். மோசடி என்று பயந்து வங்கிக்குப் போன் போட வேண்டாம். உங்கள் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சதவீதத்தை வரிக்கு முந்தைய தொகைக்குப் போடலாம். திரையில் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டுவது பல இடங்களில் வரியையும் சேர்த்தது.

ஜூலை 7

"சிகாகோ சர்வருக்கு மணிக்கு 12.62 வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எதற்கு 20 சதவீதம்?" என்று கேட்டிருந்தார் ஒருவர். இதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். 12.62-ஐ வைத்துக்கொண்டு சிகாகோவில் வாடகை கொடுத்து வாழ முடியாது, அது ஒன்று. 2028-க்குப் பிறகு முழுக் கூலி வந்தால் 15-க்கு இறக்கலாமா என்பது அப்போது பேச வேண்டிய பேச்சு. அதுவரை உட்கார்ந்து சாப்பிட்டால் 20 கொடுப்பேன்.

ஆனால் கவுன்ட்டரில் நின்று நாமே எடுத்துக்கொள்ளும் தண்ணீர் பாட்டிலுக்கும் தொப்பிக்கும் திரை நீட்டினால் கொடுக்க மாட்டேன். யாரும் எனக்காக நடக்கவில்லை, சுமக்கவில்லை. முதலில் அந்த இடங்களிலும் ஏதாவது அழுத்திக்கொண்டிருந்தேன், இப்போது நிறுத்திவிட்டேன். எல்லா இடத்திலும் கூச்சத்துக்குக் கொடுத்துக்கொண்டே போனால் கவுன்ட்டரிலும் இதே ஏற்பாட்டைக் கொண்டுவர முதலாளிகளுக்கு நாமே வழி விடுகிறோம்.

ஜூலை 9

மில்வாக்கியிலிருந்து எழுதுகிறேன். சிகாகோவிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் ஒன்றரை மணி நேரம். என் சித்தப்பா மகன் இங்கே இருக்கிறான். ஸ்டேஷனிலிருந்து நேராகச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனான். பில் வந்ததும் நான் வழக்கம்போல 20 என்று எழுதப் போனேன். "அண்ணா, சிகாகோ கணக்கை இங்கே போடாதீங்க, கொஞ்சம் கூடவே எழுதுங்க. இங்கே மணிக்கு 2.33தான்" என்றான்.

மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி கொடுக்க வேண்டியது 2 டாலர் 33 சென்ட். எட்டு மணி நேரம் நின்றால் 18.64. சிகாகோவில் அதே எட்டு மணி நேரத்துக்கு 100.96. நடுவில் ஒரு மாநில எல்லை, ஒன்றரை மணி நேர ரயில். மெனு அட்டை ஒன்றுபோல இருக்கிறது, சர்வரின் சிரிப்பு ஒன்றுபோல இருக்கிறது, சீட்டில் டிப்ஸ் கோடு ஒன்றுபோல இருக்கிறது. வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? எட்டு டாலர் வைப்பதற்குப் பதில் நான்கு வைத்தால் சிகாகோவில் ஒருவருக்கு வருத்தம், இங்கே ஒருவருக்கு வீட்டுச் செலவில் ஓட்டை. இது எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைத்த கணக்கு.

அவன் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு உணவகத்தில் பரிமாறுகிறார். சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோது இன்னொன்று சொன்னார். ராத்திரி முடிவில் அவர் விற்ற மொத்தத் தொகையில் ஒரு பங்கைப் பார் ஆளுக்கும் மேஜை துடைப்பவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். டிப்ஸில் பங்கு இல்லை, விற்பனையில் பங்கு. அதனால் நூறு டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் ஒன்றும் வைக்காமல் போனால், அந்த மேஜைக்கான பங்கையும் இவர் தன் கையிலிருந்துதான் கொடுக்கிறார். எல்லா உணவகத்திலும் இப்படி இல்லை, ஆனால் பரவலான வழக்கம். கொடுக்காமல் எழுந்து வந்தால் என்ன ஆகும் என்று முதலில் கேட்டீர்களே, ஆவது இதுதான்.

நேற்று ஆட்டத்துக்குப் போனோம், மில்வாக்கி ப்ரூவர்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கும். மைதானத்தைச் சுற்றி வாகனம் நிறுத்தும் இடம் பரந்து கிடக்கிறது. ஆட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே வந்து, காரின் பின்கதவைத் திறந்துபோட்டு, அடுப்பு மூட்டி, நாற்காலி விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்துக் கார்க்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்தார், கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ரொட்டிக்குள் சுட்ட சாசேஜை வைத்து ஆளுக்கு ஒன்று நீட்டினார். மேலே வதக்கிய வெங்காயம், ஓரத்தில் கருகிய தோல், கடித்ததும் கொழுப்பு மணிக்கட்டு வரை வழிந்தது. பணம் எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வேண்டாம் என்பதைவிட, இதை ஏன் எடுக்கிறாய் என்கிற முகம். சித்தப்பா மகன் என் கையைப் பிடித்து உள்ளே வைக்கச் சொன்னான். பத்து நிமிஷம் கழித்து உள்ளே போய்க் குடிக்க ஒன்று வாங்கினால் திரை 20 சதவீதம் கேட்கிறது. அந்த மனிதரையும் அந்தத் திரையையும் ஒரே தேசத்தில் வைத்துப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மக்கள் கஞ்சர்கள் இல்லை, கணக்குப் பார்ப்பவர்களும் இல்லை. சம்பளம் என்று வரும்போது மட்டும் சட்டம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது.

ஆட்டம்: டாட்ஜர்ஸின் ஷோஹேய் ஓட்டானி முதல் ஆளாக வந்து ஹோம் ரன் அடித்தார். மைதானம் கப்பென்று ஆகிவிட்டது. மில்வாக்கிக்கு வீசியவர் ஜேகப் மிசியரோவ்ஸ்கி, இந்த வருஷம்தான் பெரிய லீக்குக்கே வந்தவர். அதற்குப் பிறகு ஆறு இன்னிங்ஸில் 12 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அட்டையில் கே போடுகிற அவுட் அது. எதிர்ப்பக்கம் வீசியது கிளேட்டன் கெர்ஷா, சில நாள் முன்புதான் 3000-ஆவது ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். 3-1, மில்வாக்கி ஜெயித்தது.

ஜூலை 9, பின்னேரம்

விட்டுப்போனது. ஆறாவது இன்னிங்ஸில் ஐந்து பேர் ஆளுயர சாசேஜ் வேஷம் போட்டு ஓட்டப் பந்தயம் ஓடுகிறார்கள். 2003-ல் பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் ஒருவர் ஓடிக்கொண்டிருந்த சாசேஜை விளையாட்டுக்கு மட்டையால் தட்ட, அது விழுந்து, அவருக்கு 432 டாலர் அபராதம். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 11

திரும்ப சிகாகோ. "டிப்ஸ் அமெரிக்கக் கலாசாரம், அதில் நாம் தலையிடக் கூடாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இன்று நகரத்தின் தெற்கே புல்மன் என்ற பகுதிக்குப் போயிருந்தேன், மெட்ரா என்கிற புறநகர் ரயிலில் 111-ஆவது தெருவில் இறங்க வேண்டும். செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக, நடுவில் பழைய தொழிற்சாலையின் மணிக்கூண்டு. ஜார்ஜ் புல்மன் ரயில்களுக்குப் படுக்கைப் பெட்டி செய்தவர், அந்தத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் இது. இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா.

டிப்ஸ் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. அப்போது அது பலருக்குப் பிடிக்கவில்லை, பிரபுத்தனம் என்று திட்டினார்கள். வாஷிங்டன் மாநிலம் 1909-ல் டிப்ஸைத் தடைசெய்து சட்டமே போட்டது. மொத்தம் ஆறு மாநிலங்களில் இப்படிச் சட்டம் வந்தது, 1926-க்குள் எல்லாம் போய்விட்டது. அது நிலைத்ததற்கு ஒரு பெரிய காரணம் புல்மன் மாதிரி முதலாளிகள். அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுதலையான கறுப்பின ஆண்களைப் பெட்டிகளில் போர்ட்டராக வைத்தார்கள். படுக்கை விரிப்பது, செருப்புத் துடைப்பது, ராத்திரி மணி அடித்தால் எழுந்து ஓடுவது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூட இல்லை, முதலாளி பெயரையே வைத்து எல்லோரையும் "ஜார்ஜ்" என்று கூப்பிட்டார்கள். மாதத்துக்கு 400 மணி நேரம் வேலை.

1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் தொடங்கினார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி 1937-ல் ஒப்பந்தம் வாங்கினார்கள், மாதத்துக்கு 240 மணி நேரம், கூலி உயர்வு. அதே ராண்டால்ஃப்தான் 1963-ல் தலைநகர் வாஷிங்டனில் நடந்த கறுப்பின மக்களின் உரிமைப் பேரணிக்கு முன்னின்றவர். போர்ட்டர்கள் கேட்டது தாராளமான டிப்ஸ் இல்லை, சரியான சம்பளம். அவர்கள் பெயரில் அங்கே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. மைதானத்துக்குப் போகும் வார இறுதியில் அரை நாள் இதற்கு ஒதுக்குங்கள். கலாசாரம் என்று நாம் தள்ளி வைக்கும் பல விஷயங்களுக்குப் பின்னால் சம்பளம் கொடுக்காமல் தப்பித்த ஒரு முதலாளி இருக்கிறார்.

ஜூலை 12

எச்சரிக்கை. நேற்று ராத்திரி நகர மையத்தில் ஒரு உணவகம், பெயர் வேண்டாம். பில்லின் அடியில் பொடி எழுத்தில் 20 சதவீதம் "சர்வீஸ் சார்ஜ்", அதற்குக் கீழே வழக்கம்போல டிப்ஸ் கோடும் காலியாக. அவசரத்தில் எழுதினால் 40 சதவீதம் ஆகிவிடும். இரண்டும் ஒன்றில்லை. கட்டாயமாகப் போடும் சார்ஜ் வரிச் சட்டப்படி டிப்ஸ் ஆகாது, அது உணவகத்தின் வருமானம், பரிமாறியவருக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். நான் சர்வரிடமே கேட்டேன், "இது உங்களுக்கு வருமா?" என்று. சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை லேசாக ஆட்டினார், வரும் என்றும் சொல்லலாம், முழுக்க இல்லை என்றும் சொல்லலாம். கொஞ்சம் ரொக்கம் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு பேர், எட்டு பேர் சேர்ந்து போனால் இந்தச் சார்ஜ் அநேகமாக இருக்கும், பில்லை மேலிருந்து கீழ் வரை படியுங்கள்.

ஜூலை 14

கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் கிரிக்கெட் நடக்கிறதாமே என்று கேட்டவருக்கு. ஆமாம், அமெரிக்காவின் டி20 லீக்கான மேஜர் லீக் கிரிக்கெட் இந்த ஜூனில் அங்கேதான் தொடங்கியது, ஓக்லண்ட் கொலீசியத்தில். முதல் ஆட்டத்தில் ஃபின் ஆலன் 19 சிக்ஸர் அடித்து 151 எடுத்தார். சந்தோஷமான செய்திதான். ஆனால் அந்த மைதானம் ஏன் காலியாக இருந்தது என்பதையும் நினைக்க வேண்டும். 1968-லிருந்து அங்கே ஆடிவந்த அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணியை அதன் உரிமையாளர் 2024 முடிவில் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இப்போது சாக்ரமென்டோவில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறார்கள், 2028-ல் லாஸ் வேகாஸ் போவதாகத் திட்டம். அதற்கு முன் அதே அணி ஃபிலடெல்ஃபியாவிலும் கன்சாஸ் சிட்டியிலும் இருந்தது.

அமெரிக்க விளையாட்டில் எனக்கு மனசு ஒப்பாத விஷயம் இதுதான். அணி ஊருடையது என்று நினைத்துத் தாத்தா, அப்பா, பிள்ளை என்று டிக்கெட் வாங்கிக்கொண்டே இருப்பார்கள், ஒரு நாள் அது லாரியில் ஏறிப் போய்விடும். விஸ்கான்சினின் அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ் ஒன்றுதான் விதிவிலக்கு, லட்சக்கணக்கான ரசிகர்களே பங்குதாரர்கள், லாபப் பங்கு கிடையாது, அணியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு லட்சம் பேர் வசிக்கும் ஊர், 81 ஆயிரம் பேர் உட்காரும் மைதானம்.

அதே கிரிக்கெட் லீக்கின் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆட்டம் பார்த்தவர்கள் எழுதுங்கள், நான் டல்லாஸ் பக்கம் போகவில்லை.

ஜூலை 16

"அப்போ நான் சொன்ன பகல் கொள்ளை சரிதானே" என்று கேட்கிறீர்கள். கோபம் சரி. ஆனால் சர்வருக்கு வைக்காமல் வந்தால் அந்தக் கோபம் முதலாளிக்குத் தெரியவே தெரியாது. அவர் பில் தொகையை முழுசாக வாங்கிக்கொண்டார். ராத்திரி பங்கு பிரிக்கும்போது கையைக் கடித்துக்கொள்வது அந்தப் பெண்தான்.

ஜூலை 4 அன்று நான் ரிக்லியில் உட்கார்ந்திருந்த அதே நாளில் வாஷிங்டனில் அதிபர் கையெழுத்துப் போட்ட பெரிய சட்டத்தில் டிப்ஸும் வருகிறது. 2025 முதல் 2028 வரை, வருஷத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்கு மத்திய வருமான வரி இல்லை. மாடி வீட்டுப் பெண்ணிடம் இதையும் கேட்டிருந்தேன். அவர் ஏற்கெனவே வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பதில்லை, அதனால் அவருக்கு இதில் ஒன்றும் இல்லை. ஊதியத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரி அப்படியே இருக்கிறது. 2.13-ம் அப்படியே இருக்கிறது.

விலையை முழுசாகச் சொல்ல வைக்க முடியாது என்பதும் இல்லை. இந்த மே 12 முதல் ஆட்டம், கச்சேரி டிக்கெட் விற்பவர்கள் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும், வரி மட்டும் தனியாக இருக்கலாம். மத்திய வர்த்தக ஆணையம் கொண்டுவந்த விதி. விடுதி அறைகளுக்கும் உண்டு. முன்பெல்லாம் 40 டாலர் என்று பார்த்து அழுத்தினால் கடைசித் திரையில் 58 ஆகும். இந்த முறை நான் பார்த்த விலையும் கட்டிய விலையும் ஒன்றாகவே வந்தது. உணவகங்கள் அந்த விதிக்குள் வரவில்லை. வரட்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். தட்டின் விலை 52 என்றே எழுதட்டும், அதில் சர்வரின் முழுச் சம்பளமும் இருக்கட்டும், நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

நியூயார்க்கில் உணவக முதலாளி டேனி மேயர் 2015-லிருந்து தன் உணவகங்களில் இதைச் செய்து பார்த்தார், 2020-ல் கைவிட்டார். பக்கத்துக் கடை மெனுவில் விலை குறைவாகத் தெரியும்போது ஒருவர் மட்டும் உண்மை விலையை எழுதித் தாக்குப்பிடிக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான சட்டம் வேண்டும், சிகாகோ போகிற வழி அதுதான்.

ஆகஸ்ட் ஆட்டத்துக்கு இருக்கை கேட்டிருந்தீர்கள். பகல் ஆட்டமாக எடுங்கள், ரிக்லியில் 1988 வரை விளக்கே கிடையாது, அந்த மைதானம் பகலுக்காகக் கட்டியது. ஆடுகளத்தின் எல்லைச் சுவர் முழுக்கச் செடிக்கொடி படர்ந்திருப்பதும், உள்ளே ஆள் நின்று கையால் எண் மாற்றும் ஸ்கோர்போர்டும் பகலில்தான் நன்றாகத் தெரியும். மூன்றாவது பேஸ் பக்கம் எடுத்தால் நிழல் சீக்கிரம் வரும். கீழ்த்தளத்தின் பின்வரிசைகளில் விலை குறைவாகப் போட்டிருந்தால் தூண் மறைக்கும் என்று அர்த்தம், டிக்கெட்டிலேயே எழுதியிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். வண்டி எடுக்க வேண்டாம், ரெட் லைன் ரயிலில் ஆடிசன் ஸ்டேஷன், இறங்கினால் எதிரிலேயே மைதானம். கப்ஸ் ஜெயித்தால் உடனே எழுந்து ஓடாதீர்கள், ஸ்கோர்போர்டு மேல் வெள்ளைக் கொடி ஏறும் வரை எல்லோரும் நின்று பாடுவார்கள். ஸ்கோர் அட்டையும் பென்சிலும் வாசலுக்குள் நுழைந்ததுமே கிடைக்கும், முதல் இன்னிங்ஸிலிருந்தே போடுங்கள், தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.